மக்கு மாப்பிள்ளை

மூன்றாவது தடவையாகவும் தலை கழன்று சோற்றுக் கோப்பைக்குள் விழுந்தது.

கோப்பை குணேஸ்வரியினுடையது. தலை, நாலு அங்குல உயரமான ஒரு கரைவலைக்காரனுடையது. சாப்பாட்டு மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து அவனைச் செய்துகொண்டிருந்தவர் குணேஸ்வரியின் தம்பி சோமசேகரம்.

“தம்பி, இது ஆற்றை தலை?”

“வலைக்காரன்ர, அக்கா.”

“இண்டைக்கு மீன் வாங்கக் காசில்லை எண்டு சொதியோட நிப்பாட்டினனான். நீ மீனை விட்டிட்டு வலைக்காரனையே போட்டிருக்கிறாய்.”

சோமசேகரம் இரண்டு விரலால் தலையைத் தூக்கி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். மோவாய் சொதியோடு போய்விட்டிருந்தது. மூக்கு இருந்தது. ஆனால் அது இப்போது கன்னத்தில் இருந்தது.

முப்பத்தாறு வயதான ஒரு களஞ்சியக் காப்பாளர் சோற்று மேசையில் பொம்மை பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் ஒரு பெண்ணின் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குக் காரணம் ஒரு பொய். அந்தப் பொய்க்குக் காரணம் தரகர் சிவகுருநாதன்.

சோமசேகரம் திருகோணமலைத் துறைமுகத்தில் படகு திருத்தும் பட்டறை ஒன்றில் சாமான் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. கயிறு, பெயின்ற், ஆணி, மக்கு என்று எல்லாம் அவருடைய கையால்தான் போகும். மக்கு என்பது பலகை இடுக்கை அடைக்கவும் யன்னல் கண்ணாடி பதிக்கவும் சோக்குத் தூளில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைகிற பசை. வேலையில்லாத நேரத்தில் அதில் ஒரு துண்டை எடுத்து உருட்டிக்கொண்டிருப்பது அவருடைய பழக்கம். உருண்டை செய்வார். பிறகு அதை நசுக்குவார். பிறகும் உருண்டை செய்வார். அவருக்குத் தெரிந்த சிற்பக்கலை அவ்வளவுதான்.

தரகர் ஒருநாள் வாசல் படலைக்குப் பூசப் பெயின்ற் கேட்டு வந்தபோது இதைக் கண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சோமசேகரத்தைப் பாலையூற்றுக்குப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

பெண்ணின் தகப்பன் அருளம்பலம் இளைப்பாறிய தபாலதிபர். தடித்த கண்ணாடி. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து முத்திரை ஒட்டி அனுப்புகிறவர் போலப் பேசுவார். அது எழுபத்து நாலாம் ஆண்டு. மாவும் சீனியும் கூப்பனுக்குத்தான். அதனால் பலகாரத்துக்குப் பதிலாக மரவள்ளிப் பொரியலும், தேத்தண்ணிக்குக் கடித்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு பனங்கட்டியும் வந்தன. அருளம்பலத்தின் மனைவி தங்கரத்தினம் குசினிக் கதவடியில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சோமசேகரம் வாய் நிறைய மரவள்ளிப் பொரியலோடு இருந்தபோது அருளம்பலம் முன்னுக்குச் சரிந்து கேட்டார்.

“தம்பி, நீங்கள் வேலை செய்யிறது களியிலையோ, மெழுகிலையோ?”

சோமசேகரத்துக்குக் கேள்வி விளங்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்பது மட்டும் விளங்கியது. களஞ்சியத்தில் உள்ளதைச் சொல்லத் தொடங்கினார்.

“மக்கு...”

மிச்சம் பொரியலுக்குள் அகப்பட்டுக்கொண்டது. பெயின்றும் கயிறும் ஆணியும் வெளியே வரவில்லை.

“மக்கோ!” அருளம்பலம் நிமிர்ந்தார். “சின்ன உருவத்துக்கு அதுதான் திறம். எல்லாருக்கும் அது வசப்படாது.”

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கி, அடக்க முடியாமல், மூக்கு வழியாக வந்த சிரிப்பு. பெண்ணின் பெயர் மாதுமை என்று தரகர் சொல்லியிருந்தார். இப்படிச் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. இதற்கு முதல் பார்த்த பதினொரு இடங்களிலும் சோமசேகரத்தைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. பெருமூச்சுத்தான் விட்டார்கள். அந்த இடத்திலேயே அவர் விழுந்துவிட்டார்.

விழுந்தவருக்கு மேல் அருளம்பலம் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார்.

“கரைவலை இழுக்கிற ஒரு மனுசனை எனக்குச் செய்து தாங்கோவன். நாலு அங்குலம் போதும். உடம்பின்ர பாரம் எங்க போய் விழுகுதெண்டு பாக்க ஆசை.”

சோமசேகரத்தின் உடம்பின் பாரம் அப்போது வயிற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

வெளியே தெருவுக்கு வந்ததும் தரகரின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். “என்னண்ணை சொல்லி வைச்சிருக்கிறியள்?”

“மாப்பிள்ளை சின்னச் சின்னச் சிலை செய்வார் எண்டனான்.”

“நான் எங்க சிலை செய்தனான்?”

“மக்கு உருட்டினதை என்ர கண்ணால கண்டனான் தம்பி. அதுக்குக் கொஞ்சம் மெருகேத்தினனான். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாம். நான் ஒண்டுதான் சொன்னனான். மிச்சம் கையிருப்பில கிடக்கு.” சைக்கிளில் ஏறினார். “பொம்பிளையைப் பிடிச்சுதோ இல்லையோ?”

“பிடிச்சுது.”

“அப்ப சிலையைப் பிடியும்.”

சோமசேகரம் பிடித்தார். திங்கட்கிழமை முழுவதும் பிடித்தார். மக்கு மனிதனாக மறுத்தது. நிற்க வைத்தால் இருந்தது. இருக்க வைத்தால் படுத்தது. தலை சொதிக்குள் போனது அன்று மத்தியானம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, பட்டறையில் படகுக்கு மக்கு வைக்கிற ஸெய்னுதீனிடம் போனார். ஸெய்னுதீன் குறிஞ்சாக்கேணியிலிருந்து வேலைக்கு வருகிறவர்; பட்டறையில் எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன். அவர் அடைத்த இடுக்கில் கடலால் நுழைய ஏலாது என்று பட்டறையில் பேச்சு. சோமசேகரம் வலைக்காரனைச் சுற்றி வந்த கடுதாசியைப் பிரித்துக் காட்டினார்.

“என்ன தம்பி இது? மூஞ்சூறா?”

“ஆள், நானா.”

“ஆளா?” ஸெய்னுதீன் கிட்டப் பார்த்தார். “அப்ப இவருக்கு என்ன வருத்தம்?”

சோமசேகரம் எல்லாவற்றையும் சொன்னார். ஸெய்னுதீன் சிரித்து முடிக்க நேரமெடுத்தது.

“எங்கட வேலை ஓட்டை அடைக்கிறது. இதுக்குக் கைகால் வைக்கப் போனா அது மக்கு இல்ல தம்பி, மக்கள். முள்ளில்லாம மீன் நிக்குமா? உள்ளுக்குக் கம்பி வைங்க. உருவம் செய்யிறது எங்கட மார்க்கத்துக்கு ஆகாது. நான் பதமாக் குழைச்சுத் தாறன். அதுக்குப் பிறகு அது ஆளாப் போறதும் ஆடாப் போறதும் உங்கட பாடு.”

கம்பி வைத்ததும் வலைக்காரன் நின்றான். சோமசேகரம் அவனைச் சுற்றி மூன்று தரம் நடந்து பார்த்தார். களஞ்சியத்து யன்னல் கட்டில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது கம்பி நின்றது, வலைக்காரன் இறங்கிவிட்டிருந்தான். துறைமுகத்து வெயிலில் இளகிய மக்கு கம்பி வழியே மெதுவாக வழிந்திருந்தது. காலையில் ஒட்டி உலர்ந்து நின்ற மனிதன் பின்னேரம் முழங்காலில் தொந்தி வைத்திருந்தான்.

இறுக்கம் போதாது என்று சோமசேகரம் முடிவு செய்தார். இறுக்கத்துக்கு என்ன போடலாம் என்று யோசித்தார். அக்கா அலுமாரிக்கு மேலே ஒளித்து வைத்திருந்த கூப்பன் மா ஞாபகத்துக்கு வந்தது. இரண்டே இரண்டு பிடிதான் எடுத்தார். மக்கு அற்புதமாக இறுகியது. வலைக்காரனுக்குத் தோள் வந்தது, முதுகு வந்தது, கயிறு பிடிக்கக் கை வந்தது. சோமசேகரம் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினார்.

எலிகளுக்குக் கூப்பன் கிடையாது. கிடைத்ததைத் தின்ன வேண்டியதுதான். புதன்கிழமை விடிந்தபோது வலைக்காரனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அன்றைக்கென்று குணேஸ்வரி அலுமாரிக்கு மேலே கையை விட்டார்.

“சோமு!”

முழுப் பெயரைச் சுருக்கினால் அக்காவுக்குக் கோபம் என்று அர்த்தம்.

“சனம் ஒரு றாத்தல் பாணுக்கு வரிசையில நிக்குது. அத்தான் கொழும்பிலயிருந்து வந்தா ரொட்டி சுட்டுக் குடுக்கலாமெண்டு நான் பொத்திப் பொத்தி வைச்ச மா. நீ அதில ஆள் பிடிச்சு எலிக்கு விருந்து வைக்கிறாய்.”

“கலியாணத்துக்குத்தானே அக்கா.”

“ஆற்றை கலியாணத்துக்கு? எலியின்ரையோ?”

எலி ஏறாத, காற்று வருகிற, வெயில் விழுகிற ஓரிடம் வேண்டும். வியாழக்கிழமை வேலை முடிந்து நேரத்தோடு வந்த சோமசேகரம் வலைக்காரனைக் கிணற்றுக் கட்டில் காய வைத்துவிட்டு, முகம் கழுவக் குனிந்தார். நிமிர்ந்தபோது ஒரு காகம் தலையோடு பறந்துகொண்டிருந்தது. மாவும் எண்ணெயும் கலந்த தலை. அதற்கு அது மோதகம்.

சோமசேகரம் மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினார். “தலையை விடு! சனியனே, தலையை விடு!”

“ஆற்றை தலை, தம்பி?”

படலையில் அருளம்பலம் நின்றார். ஒரு கையில் குடை. மற்றக் கையில் ஒரு பொதி.

“இந்தப் பக்கம் வந்தனான். நீங்கள் வேலை செய்யிற இடத்தை ஒருக்காப் பாக்கலாமெண்டு...”

மறைப்பதற்கு நேரமில்லை. அருளம்பலம் நேராகக் கிணற்றடிக்கு வந்துவிட்டார். தலையில்லாத, ஒற்றைக் கால் மனிதன் ஒருவன் அங்கே கயிறு இல்லாமல் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

அருளம்பலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். குனிந்து பார்த்தார். சுற்றி வந்து மற்றப் பக்கமும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் எடுத்தார். சோமசேகரத்துக்குச் சோதனை மண்டபத்தில் நிற்பதுபோல் இருந்தது.

“தலையை விட்டிட்டியள்?”

காகம் என்று சொல்ல வாயைத் திறந்தார். வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“தேவையில்லை எண்டு பட்டுது, ஐயா.”

“தேவையில்லை.” பென்சில் ஓடியது. “காலும்?”

“ஒண்டு போதும்.”

“ஒண்டு போதும்.” அதுவும் எழுதப்பட்டது. “அப்ப பாரத்தை எப்பிடிச் சமப்படுத்திறனீங்கள்?”

சோமசேகரம் தன் கையைப் பார்த்தார். “அது... கை சொல்லும், ஐயா.”

அருளம்பலம் பென்சிலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். முடிந்தது கதை, பன்னிரண்டாவது இடமும் போய்விட்டது என்று சோமசேகரம் நினைத்தார். அருளம்பலம் “கை சொல்லும்” என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

குசினியிலிருந்து குணேஸ்வரி எட்டிப் பார்த்தார். “ஐயா, அந்த மா இருக்குதே...”

“அக்கா, தேத்தண்ணி!” சோமசேகரம் கத்தினார்.

“வேண்டாம் பிள்ளை, நான் போகவேணும்.” அருளம்பலம் பொதியை நீட்டினார். “இது மகள் தந்து விட்டவ. மரவள்ளிப் பொரியல். நீங்கள் அண்டைக்கு ரசிச்சுச் சாப்பிட்டதைக் கண்டவவாம்.”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சோமசேகரம் அந்தக் கணத்தில்தான் நினைத்திருந்தார். பொதி இன்னும் சூடாக இருந்தது. நினைத்ததை விழுங்கிவிட்டார்.

படலையடியில் அருளம்பலம் திரும்பினார். “ஞாயிற்றுக்கிழமை எங்கட ஆக்கள் நாலு பேர் வருவினம். அவைக்கு முன்னால இருந்து ஒண்டு செய்து காட்டுங்கோ. பெரிசா வேண்டாம். என்ர தலை. தலை மட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை சோமசேகரம் ஸெய்னுதீனுக்கு முன்னால் ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார்.

“நானா, ஆக்களுக்கு முன்னால செய்யவேணுமாம். நான் பிடிக்கிறது அவையள் பாத்துக்கொண்டிருக்கேக்குள்ளையே வழியும்.”

“வழியாத மக்கு ஒண்டு இரிக்கு.” ஸெய்னுதீன் தன் பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு சின்ன டின் எடுத்தார். போன மாதம் திருத்தத்துக்கு நின்ற வெளிநாட்டுக் கப்பல்காரர் விட்டுப்போனது. “ஒண்டு வெள்ளை, ஒண்டு கறுப்பு. சமனா எடுத்துப் பிசைஞ்சா அஞ்சு நிமிசம்தான். பிறகு கல்லு. ஆனை மிதிச்சாலும் அசையாது.”

“இதுதான் எனக்கு வேணும்!”

“கேளுங்க தம்பி. கையில தேங்காயெண்ணெய் தடவிப் போட்டுத்தான் தொடவேணும். மறக்காதீங்க.”

சோமசேகரம் மறக்கவில்லை. இரண்டு நாளும் சாதாரண மக்கில் பழகினார். உருண்டை அவருக்கு முந்தியே கைவந்தது. அதில் கண்ணுக்கு இரண்டு குழி, வாய்க்கு ஒரு கீறல், நடுவில் ஒரு மூக்கு. அருளம்பலத்துக்கு இருந்த மொட்டைக்கு மயிரும் தேவைப்படவில்லை. மூன்று நிமிடத்தில் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது இரண்டு கையிலும் முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

குணேஸ்வரி பார்த்தார்.

“இதென்ன கோலம்? பொம்பிளை வீட்டுக்குப் போறியோ, மல்யுத்தத்துக்குப் போறியோ?”

“அக்கா, இது வேலைக்கு...”

“வெள்ளை வேட்டியில இந்தக் கையை வைச்சாய் எண்டால் தெரியும்.” கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், சவுக்காரம் போட்டு, தும்பால் தேய்த்து, இரண்டு கையையும் பளிங்குபோல் ஆக்கிவிட்டுத்தான் விட்டார். முப்பத்தாறு வயதானாலும் அக்காவிடமிருந்து கையைப் பறிக்க ஏலாது. அங்கே போய் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம் என்று சோமசேகரம் நினைத்தார்.

அங்கே போனால், நாலு பேர் பதினொரு பேராகியிருந்தார்கள். வீட்டுக்குள், வந்தவர்களை இருத்துகிற சாலையில் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் ஒரு முக்காலி. முன்வரிசையில் தரகர் சிவகுருநாதன் கால்மேல் கால் போட்டிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் ஒரு கலைஞர் தேங்காயெண்ணெய் கேட்பது எப்படி? சோமசேகரம் கேட்கவில்லை. மூன்று நிமிட வேலைதானே.

வெள்ளையையும் கறுப்பையும் கலந்தார். பிசைந்தார். சாம்பல் நிறமாக, அழகாக, சொன்னதைக் கேட்கிற பிள்ளையாக வந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டத் தொடங்கினார்.

“தம்பி,” நிலாவெளியிலிருந்து வந்த ஒரு மாமா கையை உயர்த்தினார். “மூக்கு முதலோ, காது முதலோ?”

அருளம்பலம் கொப்பியைத் திறந்தார்.

ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் என்ன சொன்னாலும் அருளம்பலம் எழுதுகிறார் என்பதைச் சோமசேகரம் வியாழக்கிழமையே கண்டுபிடித்திருந்தார். கொஞ்சம் ருசியும் பிடித்துவிட்டது.

“மூக்கெண்டு தனியா ஒண்டு இல்லை,” என்றார். “முகம் எங்க களைச்சுப் போகுதோ, அங்க மூக்கு வரும்.”

சபையில் ஒரு முனகல் எழுந்தது. ஒரு பெரியம்மா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பென்சில் ஓடியது.

“காது?” என்றார் மாமா.

“காது கேக்கிறவைக்குத்தான்.”

“ஆகா,” என்றார் தரகர்.

சோமசேகரம் கண்ணைப் பற்றியும் பேசினார். நெற்றியைப் பற்றியும் பேசினார். உள்ளங்கைக்குள் ஏதோ சூடேறுவது தெரிந்தது. கலை பிறக்கிறபோது இப்படித்தான் சுடும்போலும் என்று எண்ணி, இறுக அழுத்திக்கொண்டு மோவாயைப் பற்றித் தொடங்கினார். அது முடிந்ததும், மூக்கு வைக்கலாம் என்று கையைப் பிரித்தார்.

கை பிரியவில்லை.

மறுபடியும் இழுத்தார். தோள் வந்தது, கை வரவில்லை. இரண்டு உள்ளங்கையும் நெஞ்சுக்கு நேரே சேர்ந்து, விரல் நுனிகள் வானத்தைப் பார்த்தபடி நின்றன. அவர் கெஞ்சும் கண்ணோடு அருளம்பலத்தைப் பார்த்தார்.

அருளம்பலம் திடுக்கிட்டு எழுந்தார். கொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டுத் தானும் கைகூப்பினார்.

“வேலைக்கு முதல் சபையை வணங்கிறார்,” என்றார் தரகர், ஒரு கணமும் தாமதிக்காமல்.

பதினொரு பேரும் எழுந்து கைகூப்பினார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்தார். “இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பணிவான பிள்ளை.”

மாப்பிள்ளை கையை இறக்கினால் இறக்கலாம் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை இறக்கவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. நிலாவெளி மாமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பின்வரிசையில் யாரோ திருவாசகம் பாடுவதற்குத் தொண்டையைச் செருமினார்கள்.

அப்போதுதான் மாதுமை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். வீடு முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டு வாசலில் தயங்கினாள். பிறகு சோமசேகரத்துக்கு முன்னால் வந்து தட்டை நீட்டினாள்.

“எடுங்கோ.”

அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளும் கையைப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிதுங்கி நின்றது.

“ஒட்டிப் போச்சோ?” என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

“ஓம்.”

“நோகுதோ?”

“சுடுது.”

மூக்கு வழியாக அந்தச் சிரிப்பு புறப்பட்டது. பாதியில் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். தகப்பனின் ஆயுதப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன உளியும் சுத்தியலும், கூடவே எண்ணெய்ப் போத்தலும் கொண்டு வந்தாள். சோமசேகரத்தை முக்காலிக்கு முன்னால் இருத்தி, கூப்பிய கையை அதன்மேல் கிடத்தினாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?” என்றார் அருளம்பலம்.

“மக்கு இறுகிப் போச்சப்பா.”

கும்பிட்ட பதினொரு பேரும் கையை இறக்கிக்கொண்டு சுற்றி வந்து நின்றார்கள். மாதுமை எண்ணெயை விட்டு, உளியை ஓரத்தில் வைத்து, தட்டித் தட்டி எடுத்தாள். நல்ல நிதானமான கை. அந்தச் சாலையில் சிற்பியைப்போல் தெரிந்தது அவள் ஒருத்திதான்.

“அசையாதேங்கோ,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “உண்மையைச் சொல்லுங்கோ. இதுக்கு முதல் எத்தினை செய்திருக்கிறியள்?”

“ஒண்டு. அதின்ர தலையைக் காகம் கொண்டு போட்டுது. காலை எலி திண்டிட்டுது.”

உளி நழுவியது. அவள் தோள் குலுங்கி நிற்கும்வரை அவர் பொறுத்திருந்தார்.

“அப்பாட்டைச் சொல்லுங்கோ.”

“சொன்னால் இந்தக் கலியாணம் நிண்டுடும்.”

“சொல்லாட்டில் வாழ்நாள் முழுக்க இப்பிடியே கும்பிட்டுக்கொண்டிருக்கவேணும். தாலி கட்டக் கை வேண்டாமோ?”

சோமசேகரத்துக்குக் காது வரை சிவந்தது. அவள் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினாள். மக்கு இரண்டாகப் பிளந்து முக்காலியில் விழுந்தது. கொஞ்சம் தோலும் அதோடு போனது. அவர் எழுந்து நின்றார். கை விடுபட்டிருந்தாலும், வேறு வழி தெரியாமல் மறுபடியும் கூப்பினார். இந்தமுறை வேண்டுமென்றே.

“ஐயா, என்னை மன்னிக்கவேணும். எனக்குச் சிலை செய்யத் தெரியாது. தலையை நான் விடேல்லை, காகம் எடுத்தது. கையும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான் சாமான் களஞ்சியத்தில மக்கு உருட்டிறதைக் கண்டு தரகர் சொன்ன கதை இது. அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். மகள் சிரிச்சவ. அதுக்குப் பிறகு சொல்ல மனம் வரேல்லை.”

எல்லோரும் தரகர் பக்கம் திரும்பினார்கள். கதிரை வெறுமையாக இருந்தது. வெளியே சைக்கிள் சங்கிலி கறகறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அருளம்பலம் கொப்பி இருப்பதைக் கவனியாமல் கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“அப்ப தம்பிக்குச் சிலையைப் பற்றி ஒண்டுமே தெரியாதோ?”

“ஒண்டுமே தெரியாது, ஐயா.”

“அதைப் பற்றிக் கதைக்க விருப்பமும் இல்லையோ?”

“நீங்கள் வாயைத் திறந்தாலே எனக்குப் பயம் ஐயா, என்ன கேட்டுப் போடுவியளோ எண்டு.”

அருளம்பலத்தின் உதடு துடித்தது. கோபத்திலா, வேறெதிலா என்று சொல்ல முடியவில்லை. மாதுமை உளியைப் பிடித்தபடியே தகப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து குசினிக் கதவடியைவிட்டு அசையாமல், ஒரு வார்த்தையும் பேசாமல் நின்ற தங்கரத்தினம், சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலைக்கு வந்தார்.

“என்ர கோணேசப் பெருமானே, தப்பினம்! சீதனம் ஒரு சதம் வேண்டாம், சிலையைப் பற்றிக் கதைக்கத் தெரிஞ்ச மாமனார் மட்டும் வேணுமெண்டு நீங்கள் பிடிவாதமா நிக்கிறியளெண்டு அந்தத் தரகர் சொன்ன நாள் தொடக்கம், இந்த மனுசன் சோறு தண்ணி இல்லாமல் ஒரு இங்கிலீசுப் புத்தகத்தை விளங்காமலே பாடமாக்கிக்கொண்டு திரியுது, தம்பி!”